ஆட்டுக்கல்லில் மீன்

வாங்க தம்பி, உள்ள வாங்க. வாம்மா. முதல்ல அந்தக் கேட்டைச் சாத்திருங்க. இல்ல, வெறுமனே சாத்தினா பத்தாது, கொண்டி போடணும். ஆங், அப்படி. வீடு பாக்க வந்தவங்களை வந்ததும் வராததுமா வேலை வாங்குறானேன்னு நினைக்காதீங்க. இந்த வீட்டுல கேட்டு திறந்து கிடக்கக் கூடாது. அதுதான் முதல் கண்டிசன். மாடி போர்சனைக் காட்டுறேன், சாவி இந்தா இடுப்புலதான் இருக்கு. அதுக்கு முன்னால நாலு வார்த்தை பேசிக்கிருவோம். இப்படி இந்தப் படியிலயே உக்காருங்க. மதுரை வெயிலுக்கு இந்த மாடிப்படி நிழல் மாதிரி குளுகுளுன்னு ஒரு இடம் இந்தத் தெருவுலயே கிடையாது. குட்டிப்பய சும்மா அங்கிட்டும் இங்கிட்டும் ஓடட்டும், விடுங்க. ஒண்ணும் உடைஞ்சு போற சாமான் இங்க இல்ல.

என் பேரு தவமணி. தெருவுல அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டா யாருக்கும் தெரியாது, செக்கர் வீடுன்னு கேட்டாத்தான் கை காட்டுவாங்க. டவுன் பஸ்ஸுல டிக்கெட் செக்கரா இருந்து ரிட்டயர்டு ஆனவன் நான். பஸ்ஸுல ஏறி ஒரு பார்வை பாத்தேன்னா போதும், டிக்கெட் எடுக்காதவன் முகம் தனியாத் தெரியும். என் கண்ணுக்குத் தப்பி ஒருத்தன் இறங்கிப் போனதில்ல. இப்ப என்னடான்னா கண் டாக்டர் சொல்றாரு, ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு, ஆப்பரேசன் பண்ணிக்கங்கன்னு. போர்டுல கடைசி வரியை நான் படிக்கலையாம். அம்புட்டுப் பொடியா எழுதி வச்சா யாருதான் படிப்பா? அதுக்கு மேல உள்ள வரியையும் படிக்கலைங்கிறாரு. அது கிடக்கட்டும்.

ரெண்டாவது கண்டிசன் சொல்லிடுறேன். சாயங்காலம் அஞ்சரைக்கு எல்லா சன்னலும் சாத்தணும். நானே கீழ இருந்து குரல் குடுப்பேன், சாத்தியாச்சான்னு. விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு ஆள் உள்ள வரக் கூடாது, வெளிய போகக் கூடாது. நான் வேப்பிலைப் புகை போடுவேன், அது மாடிக்கும் வரும், இருமல் வந்தாப் பொறுத்துக்கணும். எல்லா சன்னலுக்கும் வலை அடிச்சிருக்கேன். கொசு அடிக்கிற பேட்டு ஒண்ணு மாடியிலயே தொங்கும், சார்ஜ் போட்டு வச்சுக்கிரணும். பிள்ளைக்கு ராத்திரி முழுக்கைச் சட்டை, வலைக்குள்ளதான் படுக்கணும். பின்னால வாய்க்கால் ஓடுதுல்ல, அதுதான் எனக்கு எதிரி. இந்தத் தெருவுல கொசு இல்லாத வீடு எதுன்னு யாரை வேணாலும் கேளுங்க, செக்கர் வீடும்பாங்க. நான் சொல்லிச் சொல்லியே அவங்களுக்குப் பழகிருச்சு.

என்னம்மா, கால்ல எதுவும் ஏறுதா? எறும்பா இருக்கும். படிக்குக் கீழ கொஞ்சம் எறும்பு உண்டு. கொசுவா? பட்டப்பகல்ல ஏதும்மா கொசு. அது பொழுது சாஞ்சாத்தான் கிளம்பும்.

கேட்டுருவீங்கன்னு தெரியும், நானே சொல்லிடுறேன். நல்ல வீடு, நல்ல தண்ணி, பிறகு ஏன் முன்னால இருந்தவங்க காலி பண்ணிட்டுப் போனாங்கன்னு தெருவுல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அதையெல்லாம் கேக்காதீங்க. நடந்தது எனக்குத்தான் தெரியும்.

இருந்தது அழகர்ராஜான்னு ஒரு பையன், கூரியர் கம்பெனியில வேலை. சம்சாரம் தேன்மொழி. ஒரே பிள்ளை, ஓவியா. எல்கேஜி போய்க்கிட்டிருந்துச்சு. தங்கமான குடும்பம் தம்பி, இப்பவும் சொல்லுவேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. வீட்டம்மா போய்ச் சேந்து வருசமாச்சு. நானே பொங்கி நானே திங்கிறவன். அப்படி இருக்கையில அந்தப் பிள்ளை மாடியில இருந்து திங்கு திங்குன்னு இறங்கி வந்து "செக்கர் தாத்தா, டிக்கெட் டிக்கெட்"னு கையை நீட்டும். நான் வேப்பிலையைக் கிள்ளி அது கையில வைப்பேன். அதை மடக்கிப் பைக்குள்ள வச்சுக்கிரும். ரிட்டயர்டு ஆனப்புறம் நான் மனுசனா இருந்தது அந்தக் காலம்தான்.

ஆனா கண்டிசன் கண்டிசன்தான். குடிவந்த அன்னைக்கே மாடிக்குப் போயி செக் பண்ணினேன். தேன்மொழி பழைய வீட்டுல இருந்து ஒரு பாட்டில் தண்ணியில மணிபிளான்ட் கொண்டாந்து வச்சிருந்துச்சு. தண்ணி பச்சை பிடிச்சுக் கிடந்துச்சு. எடுன்னேன். அழகுக்கு வச்சிருக்கேன் அங்கிள்னுச்சு. அழகு வேணுமா, பிள்ளை வேணுமான்னேன். கொட்டிருச்சு. ஏர்கூலர் ஒண்ணு வச்சிருந்தாங்க, அடியில தண்ணி நிக்கும்னு அதையும் விக்க வச்சேன். இந்த வெயில்ல கூலர் இல்லாம எப்படின்னு அழகர்ராஜா முனகினான். முனகட்டும். மொட்டை மாடியில பிள்ளைக்கு ஊஞ்சல் கட்ட ஒரு டயரு கொண்டுவந்தான், அதை வாசல்லயே மறிச்சுத் திருப்பி அனுப்பினேன். எல்லாம் அந்தப் பிள்ளைக்காகத்தான் தம்பி, எனக்கென்ன வந்துச்சு.

கார்ப்பரேசன்ல இருந்து வீடு வீடா வந்து பாப்பாங்கள்ல, தொட்டி, டப்பா எதுலயும் தண்ணி நிக்குதான்னு, அப்படி ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க வந்துச்சு. கேட்டுக்கு அங்கிட்டே நிறுத்திட்டேன். யார்கிட்ட செக் பண்ண வந்திருக்கீங்க, நானே செக்கர்னேன். எங்க வீட்டுல டயரு கிடையாது, தொட்டி கிடையாது, சிரட்டை கிடையாதுன்னு நின்ன இடத்துலயே ஒப்பிச்சேன். ஒரு தடவை உள்ள வந்து பாத்துட்டுப் போயிடுறோமேன்னுச்சு ஒரு பிள்ளை. உள்ள வந்து என்னத்தைப் பாக்கப் போற, எதிர்வீட்டைப் போய்ப் பாருன்னு அனுப்பிட்டேன். அங்க போயி ரெண்டு பானையைக் கவுத்திட்டுப் போச்சுங்க. எனக்கு அன்னைக்குச் சிரிப்பு தாங்கல.

குட்டிப்பய என்ன அங்க ஆட்டுக்கல்லைப் பிடிச்சு ஏறுறான்? ஏறட்டும், ஏறட்டும். அது உருளாது. நாலு ஆள் சேந்தாலும் நகராது. எங்க வீட்டம்மா சீதனம் அது. இப்ப யாரு அதுல மாவாட்டுறா? குழவியை எடுத்து அந்தா மூலையில வச்சிட்டேன். ஆனா குழியை வெறுமனே விடக் கூடாதுன்னு அவ சொல்லுவா. ஆட்டுக்கல்லு காலியாக் கிடந்தா அந்த வீட்டுல அடுப்பு எரியாதும்பா. அதனால அவ போனப்புறமும் அதுல தண்ணி ஊத்தி, ரெண்டு நந்தியாவட்டை பறிச்சுப் போட்டு வைப்பேன். வெள்ளிக்கிழமையானா துணியை விட்டு ஒத்தி எடுத்து, குழியைத் தேங்காநாரு போட்டுத் தேய்ச்சுக் கழுவிப் புதுசா ஊத்துவேன். அது ஒரு பூசை மாதிரி எனக்கு.

ஓவியாவுக்கு விளையாட இந்த நிழல்தான். சாயங்காலம் நான் வெளிய விட மாட்டேன்ல. அதனால பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மத்தியானமே, கவுனோட இந்தா இந்த இடத்துல, ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்கும். என் கண்ணு முன்னால. ஒரு நாள் குழிக்குள்ள எட்டிப் பாத்துட்டு "தாத்தா, மீனு"ன்னுச்சு. நான் எட்டிப் பாத்தேன். கருங்கல்லு, உள்ள ஒரே இருட்டு, ரெண்டு பூ மிதக்குது. எனக்கு ஒண்ணும் தெரியல. குழந்தைதானே, அதுக்கு எல்லாம் தெரியும். ஆமாடா, மீனுதான்னேன். அன்னையில இருந்து தெனமும் பொரி கொண்டாந்து ஒண்ணொண்ணாப் போடும். போட்டுட்டு அதுககிட்டப் பேசும். சாப்பிடு, சாப்பிட்டாத்தான் பெரிசாவ, பெரிசானாத்தான் பறந்து போகலாம்னு சொல்லும். மீனு எங்கயாவது பறக்குமான்னு கேட்டா, என் மீனு பறக்கும் தாத்தா, நான் பாத்தேங்கும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் துணியை எடுத்துட்டு வந்தேன், கழுவ. பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கிச்சு. "மீனைக் கொட்டாதீங்க தாத்தா, மீனு செத்துப் போகும்"னு ஒரே அழுகை. தேம்பித் தேம்பி அழுகுது. எனக்கு மனசு கேக்கல தம்பி. கடமைன்னு வந்துட்டா பெத்த தகப்பன் பஸ்ஸுல டிக்கெட் இல்லாம வந்தாலும் இறக்கி விட்டிருப்பேன் நான். அந்தப் பிள்ளை கண்ணுல தண்ணி வந்ததும் ஒண்ணும் முடியல. சரிடா கண்ணு, கொட்டலைன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அதுக்கப்புறம் நான் அதைக் கழுவவே இல்ல. காயக் காய மேல ஒரு சொம்பு ஊத்துறதோட சரி.

அப்படிப் பாக்காதீங்கம்மா. சாக்கடைத் தண்ணி இல்ல அது. நான் குடிக்கிற தண்ணிதான், அதே குடத்துல இருந்துதான் மொண்டு ஊத்துறேன். தெனமும் புதுத் தண்ணி சேருது, அது எப்படித் தேங்கின தண்ணியாகும்? இப்ப கார்ப்பரேசன்காரன் ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டு வாறான், நல்ல தண்ணியிலதான் கொசு முட்டை போடுதுன்னு. நல்ல தண்ணி நமக்கே கிடைக்க மாட்டேங்குது, கொசுவுக்குக் கிடைக்குதாம். அப்படின்னா அந்த வாய்க்கால் எதுக்கு ஓடுதாம்?

பாருங்க, தம்பியும் முழங்காலைச் சொறியுறீங்க. புது இடம்னா அப்படித்தான் இருக்கும். தண்ணி மாறினா உடம்பு அரிக்கும்.

பிறகுதான் அந்தக் காய்ச்சல் வந்துச்சு. பிள்ளைக்கு அனலா உடம்பு கொதிக்குது. கண்ணுக்குப் பின்னால வலிக்குதுன்னு அழுகுது. நான் நிலவேம்புக் கசாயம் காய்ச்சிக் குடுத்தேன். பப்பாளி இலைக்கு எங்கெங்கயோ அலைஞ்சேன். காய்ச்சல் விட்டுருச்சுன்னு சந்தோசப்பட்டோம் பாருங்க, அதுக்கப்புறந்தான் பிள்ளை துவண்டு போச்சு. ஈறுல ரத்தம். தூக்கிட்டு ஓடினோம். டெங்குன்னுட்டாங்க. ரத்தத்துல பிளேட்லெட் இறங்கிக்கிட்டே போகுதுன்னாங்க. ஐசியூவுல வச்சுட்டாங்க.

தம்பி, நான் எதுக்கும் அழுகாத ஆளு. எங்க வீட்டம்மா போனப்பவும் வந்தவங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டிருந்தேன். அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டு நான் வாய் விட்டு அழுதேன். அழகர்ராஜா என்னைத் தோளோட அணைச்சுக்கிட்டான். அப்ப அவன் என்னைத் தகப்பனாத்தான் நினைச்சான், பொய் சொல்லக் கூடாது. பிள்ளை பொழைச்சு வந்தா பாண்டி கோயில்ல மொட்டை எடுக்குறேன்னு வேண்டினேன். என் தலையில எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, இருக்கிறதை எடுத்துக்கன்னேன்.

ஆனா மனசுக்குள்ள ஒரு கேள்வி அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நம்ம வீட்டுல இருக்கிற பிள்ளைக்கு எப்படி டெங்கு வரும்? வலை அடிச்சாச்சு. புகை போட்டாச்சு. அஞ்சரைக்கு மேல பிள்ளை வெளிய தலை காட்டல. அப்ப எங்கிருந்து வந்துச்சு? செக்கர் மூளை சும்மா இருக்குமா. அந்த மணிபிளான்ட் பாட்டில்தான்னு பிடிச்சேன். அதைக் கொட்டி மாசக் கணக்காச்சே அங்கிள்னு தேன்மொழி சொல்லுச்சு. கொட்டினா என்ன, அதுல வளந்தது எங்கயாவது மூலையில ஒளிஞ்சிருக்கும்னேன். தெருவுல நாலு பேர் விசாரிச்சாங்க, அவங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன். தாய்க்காரி அலங்காரத்துக்கு ஆசைப்பட்டா பிள்ளைதான் அனுபவிக்கணும்னு சொன்னேன். கொஞ்சம் கூடுதலாத்தான் பேசிட்டேன்னு வைங்க. ஆனா நல்லதுக்குத்தான் சொன்னேன், நாலு பேர் திருந்தட்டும்னு.

பிள்ளை பொழைச்சிருச்சு. சாமி கண்ணைத் திறந்துச்சு. வார்டுக்கு மாத்தினதும் நான் மாதுளம்பழம் வாங்கிட்டுப் போனேன். நரம்பாட்டம் படுத்திருந்துச்சு. என்னையப் பாத்ததும் அது கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "தாத்தா, என் மீனுக்குப் பொரி போட்டீங்களா?" தெனமும் போடுறேன்டா கண்ணு, ஒரு மீனைக்கூட நான் கொட்டல, சத்தியம் பண்ணிருக்கேன்லன்னேன்.

தேன்மொழி என்ன மீனுன்னு கேட்டுச்சு. நான்தான் சொன்னேன், ஆட்டுக்கல்லுல பாப்பா மீன் வளக்குதும்மான்னு. பெருமையாத்தான் சொன்னேன். தேன்மொழி என்னை ஒரு பார்வை பாத்துச்சு. கையில உரிச்சுக்கிட்டிருந்த மாதுளையை அப்படியே கீழ வச்சுருச்சு. அழகர்ராஜா எந்திரிச்சு வெளிய போயிட்டான். ஏன்னு எனக்கு இன்னும் விளங்கல. நம்ம பிள்ளை நம்மகிட்டச் சொல்லாத ரகசியத்தை இந்த ஆள்கிட்டச் சொல்லிருக்குதேன்னு பொறாமையா இருக்கும். பெத்தவங்களுக்கு அது வரத்தான் செய்யும்.

மறுநா காலையில கோயிலுக்குப் போயி மொட்டை எடுத்துட்டு வந்தேன். வந்து பாத்தா, இந்தா இந்த ஆட்டுக்கல்லுல விளிம்பு வரைக்கும் மணலு. எதிர்வீட்டுல கட்டட வேலைக்குக் கொட்டி வச்சிருந்த மணலை அள்ளிக் கொண்டாந்து குழி தெரியாம மூடியிருக்கான் அழகர்ராஜா. ஒரு வார்த்தை சொல்லல. அந்த வாரமே வண்டி வச்சு சாமானை ஏத்திட்டான். பிள்ளையை ஆஸ்பத்திரியில இருந்து நேரா வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்குக் கண்ணுல காட்டக்கூட இல்ல.

நீங்களே சொல்லுங்க தம்பி. ஆட்டுக்கல்லுங்கிறது என்ன? ஒரு வீட்டுச் சோறு. அதுல மண்ணை அள்ளிப் போட்டா என்ன அர்த்தம்? எதிரிகூடச் செய்ய மாட்டான். அது வேற யாரு கல்லு? செத்துப்போன எங்க வீட்டம்மா கல்லு. என்னைய அடிச்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். அந்தப் பிள்ளைக்காக மொட்டையடிச்ச தலையோட நான் இந்தப் படியில உக்காந்து அந்த மணலைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு நான் அடுப்பே பத்த வைக்கல.

பிறகு கோவம் ஆறிப் போச்சு. கரண்டியை வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா மணலைத் தோண்டி எடுத்தேன். கழுவினேன். பழையபடி தண்ணி ஊத்தினேன், பூப் போட்டேன். தெனமும் பொரி போடுறேன். ஏன்னா, பிள்ளை மனசு மாறி என்னைக்காவது கேட்டைத் திறந்துக்கிட்டு ஓடி வரும். வந்ததும் மீனு எங்க தாத்தான்னுதான் கேக்கும். நான் என்ன பதில் சொல்றது? மீனு திரும்பி வந்துச்சான்னு எனக்குத் தெரியல தம்பி. என் கண்ணுக்கு அது எப்பவுமே தெரிஞ்சதில்ல. அந்தப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெறுந்தண்ணிக்குத்தான் பொரி போடுறேனோ என்னமோ. சில நாள் அதை நினைச்சாத்தான் அழுகை வருது.

என்னடா சொல்ற குட்டிப்பய? என்னது?

மீனா?

இன்னொரு தடவை சொல்லுடா ராசா. மீனு இருக்கா? நிறைய இருக்கா? குட்டி குட்டியாவா? வாலை ஆட்டுதா? தலைகீழாத் தொங்குதா! ஆமாடா, ஆமா, ஓவியாவும் இதையேதான் சொல்லும். தலைகீழாத் தொங்கும், தண்ணியைத் தொட்டா வளைஞ்சு வளைஞ்சு கீழ ஓடும்னு. பாத்தீங்களாம்மா, பாத்தீங்களா? வந்திருச்சு. அதுக கோவிச்சுக்கிட்டுப் போகல. இந்தாடா, பையில பொரி வச்சிருக்கேன், கையை நீட்டு. ஒண்ணொண்ணாப் போடணும்.

ஏன் தம்பி எந்திரிச்சிட்டீங்க? பிள்ளையை ஏன் கையைப் பிடிச்சு அப்படி இழுக்கிறீங்க, பயந்துருச்சு பாருங்க. மாடியை இன்னும் பாக்கலையே. இந்தா சாவி. என்னம்மா, பிள்ளை காலை ஏன் அப்படித் துடைக்கிறீங்க?

என்னது? புழுவா? என்ன புழு?

இல்ல தம்பி. நல்ல தண்ணி அது. நான் குடிக்கிற தண்ணி. தப்பாப் பாத்திருக்கீங்க, உள்ள இருட்டா இருக்கும். நான் ஒரு சர்வீஸ் பூராவும் பாத்தவன், என் கண்ணுக்குத் தெரியாம... இல்ல தம்பி. மீனுன்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு. அது பொய் சொல்லாது. தெனமும் இங்கதான் உக்காந்திருக்கும், இந்தா, இதே இடத்துல. மீனுன்னுதான் சொல்லுச்சு.

சரி. போங்க. போறதுன்னா போங்க. அந்தக் கேட்டை மட்டும் கொண்டி போட்டுட்டுப் போங்க தம்பி. பொழுது சாயப் போகுது, கொசு உள்ள வந்திரும்.